உண்ணி பிறாண்டிய கதவு

ஆதர்ஷ் இறந்த பிறகு அவனுடைய அறையை திவ்யலட்சுமி திறக்கவே இல்லை. கிள்ளிப்பாலத்தில் பைக் விபத்து நடந்த அன்று சாத்திய கதவு. அக்காவும் தம்பியுமாக, மலையாளம் பேசும் நகரத்தில், ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இப்போது அவளும், தம்பி வளர்த்த உண்ணி என்ற பூனையும்தான்.

உண்ணி அந்தக் கதவை விடுவதாயில்லை. பின்கால்களில் எழும்பி நின்று, முன்கால்களை எட்டும்வரை நீட்டி, தேக்கை வறட்டு வறட்டென்று பிறாண்டியது. அதட்டினால் கட்டிலுக்கடியில் ஓடும். அவள் அலுவலகம் போனதும் மறுபடி வரும்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடியேறிய வீட்டுக்காரி வடிவம்மாள் கதவைத் தடவிப் பார்த்தாள்.

“மக்ளே, உன் சங்கடம் எனக்குத் தெரியும். ஆனா இது எங்க வீட்டுல அவரு பாத்துப் பாத்துப் போட்ட கதவாக்கும். பூனைய எங்கயாவது கொண்டு விட்டுரு.”

“விட முடியாது அத்தை. வேற வழி பாக்கேன்.”

கடையிலிருந்து துணி சுற்றிய குட்டைத் தூண் ஒன்று வாங்கி வந்தாள். உண்ணி கை வைத்ததும் அது சாய்ந்தது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பிறாண்டுவதற்கென்று விற்ற அட்டையைத் தரையில் போட்டாள். அதன்மேல் படுத்துத் தூங்கியது. கதவில் இருபுறமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டினாள். டேப் இல்லாத இடமாகப் பார்த்துக் கீறியது.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் யோசுவாவின் வீட்டில் நிறையப் பூனைகள். அவனிடம் யோசனை கேட்டாள்.

“அதட்டாதீங்க அக்கா, பயந்துரும். டேப்பு மட்டும் போதாது. கதவு பக்கத்துலயே அதுக்குப் பிடிச்ச ஒண்ணு வேணும். ஆடக்கூடாது, முழுசா நிமிந்து நீட்டுற உயரம் இருக்கணும். முன்ன எதுல பிறாண்டும்?”

“தெரியல. எப்பவும் அவன் ரூமுக்குள்ளதான் கெடக்கும்.”

“அப்பம் உள்ள போய்ப் பாருங்க.”



ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தாள். உள்ளே புழுக்கம். ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. உண்ணி அவள் கால்களுக்கிடையே நுழைந்து ஓடி, கட்டிலில் ஏறி, தலையணையை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு அலமாரியின் பக்கவாட்டுக்குப் போனது. அங்கே ஒரு பலகையில், வாசலில் கால் துடைக்கப் போடும் கயிற்று மிதியடிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆதர்ஷ் ஆணியடித்திருந்தான். நார்கள் பிரிந்து தொங்கின. ஒரு நாள் அவன் ஏதோ அடித்துக்கொண்டிருந்தபோது, சத்தம் தாங்காமல் அவள் ஹாலிலிருந்து கத்தியிருக்கிறாள். என்னவென்று போய்ப் பார்க்கவில்லை.

உண்ணி மிதியடியைப் பிறாண்டத் தொடங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் அந்தப் பலகையைக் கழற்றி, கதவுக்கு ஒட்டினாற்போல ஹால் சுவரில் முடுக்கினாள். உண்ணி அதில் நகம் வைக்கும்போதெல்லாம் ஒரு நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். கதவுக்குப் போனால் சத்தம் போடாமல் தூக்கி வந்து பலகையருகே விட்டாள். மழைக்காலம் முடியும்போது அது கதவை மறந்திருந்தது.

வடிவம்மாள் கதவைச் சரிசெய்ய ஓர் ஆசாரியை அனுப்பினாள். அவர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, அறை யாருடையது என்று மலையாளத்தில் கேட்டார்.

“அனியன்டெ,” என்றாள் திவ்யலட்சுமி. “மரிச்சு போயி.”

தம்பி இறந்துவிட்டான் என்பதைத் தமிழில் அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

ஆசாரி கையை நிறுத்தினார். பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.