முதலில் போடுகிறவன்

மூட்டை தூக்குகிறவன் தர்மசங்கத்தில் வாங்கிய கோட்டைப் போட்ட அன்றே, அதைக் கொடுத்த மரக்கடைக்காரரின் முழங்கால் வலி அவனுக்கு வந்து சேர்ந்தது. மரக்கடைக்காரர் மறுநாள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கோட்டைக் கழற்றிப் பார்த்தான், வலி கழலவில்லை. சங்கத்துச் செயலாளரிடம் போய் முறையிட்டான். “தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாப்பாங்களாப்பா?” என்றார் அவர். “நான் மாட்டைப் பாக்கலீங்க ஐயா, அதுதான் என்னைக் கடிச்சிருச்சு” என்றான் இவன்.

விஷயம் பரவியதும் ஊரில் தர்மசிந்தை பெருகிவிட்டது. ஈரல் கெட்டவர்கள் சட்டை கொடுத்தார்கள், காது மந்தமானவர்கள் குல்லா கொடுத்தார்கள், சங்கம் மாடி எடுத்துக் கட்டியது. வாங்குகிறவர்களுக்கும் விவரம் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஊர்க் குளிர் உடனே கொல்லும். சீக்கு கொஞ்சம் பொறுத்துக் கொல்லும். பொறுமையுள்ளதையே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த குளிருக்கு அவன் மகளுக்குப் போட ஒன்றுமில்லை. சங்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஸ்வெட்டர், வக்கீல் வீட்டு ஆஸ்துமாப் பிள்ளையுடையது. அதைத் தொடமாட்டேன் என்று மனைவி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கு உதடு நீலம் பாரித்தது. அவன் அந்தச் சின்ன ஸ்வெட்டரைத் தன் தலைவழியே மாட்டினான். தையல் விட்டது. தலை வெளியே வருவதற்குள் இழுப்பு வந்துவிட்டது.

“கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு?”

“இந்தா, இப்பப் பாப்பாவுக்குப் போடு” என்றான் மூச்சு வாங்க. “கறந்தாச்சு.”

குழந்தை அந்தக் குளிர் முழுக்க ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. பிறகு தெருவே பிள்ளைகளின் துணியோடு வாசலில் நின்றது. “அண்ணே, ஒரு கையை மட்டுமாவது நுழைச்சுக் குடுங்கண்ணே.” மூட்டை தூக்கத்தான் இனி முடியாதே; நுழைத்துக் கொடுத்தான். சங்கமும் விடவில்லை, தன் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, மதியச் சாப்பாட்டோடு அவனை உட்கார்த்திவைத்தது. “சோத்தை அங்கயே தின்னுட்டு சீக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாங்க” என்று மனைவி ஏசிக்கொண்டே அவன் காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

பல குளிர்கள் தாண்டி அவன் செத்தபோது, எந்த நோயால் என்று தேர்ந்தெடுக்க முடியாமல், மருத்துவர் முதுமை என்று சொல்லிவிட்டார். அவனுக்கு நாற்பதைத் தாண்டி அதிக நாளாகவில்லை. இரங்கல் கூட்டத்தில் கொடையாளிகள் ஆரோக்கியமாக அழுதார்கள்.

மறுநாள் காலை அந்த நாற்காலிக்கு வரிசை நின்றது. முதலில் நின்றவள் அவன் மகள், இருமியே அறியாதவள், இடுப்பில் கைக்குழந்தை. செயலாளர் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். முதல் சட்டையை உதறி நீட்டினார். அவள் கையை நுழைத்தாள்.