முப்பத்தெட்டு மரபணுக்களும் ஓர் ஆணியும்

உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம்: ஆய்வேட்டை எல்லோர் முன்னாலும் சுவரில் ஆணியடித்து மாட்டினால்தான் முனைவர் பட்டத் தேர்வுக்கான தேதி உறுதியாகும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆய்வு மாணவி தூருன் அடிக்க வேண்டும். அன்று இரண்டு மணிக்கு அவள் ஆய்வகத்தின் ஃப்ரீசர் அறையில் ஒரு பழைய நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஏதோ ஒரு திசு மாதிரியின் தேதியைச் சரிபார்க்க வந்தவள், பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது மரபணுக்களின் வாயை அடைக்கும் சின்னத் துணுக்கு. சிறுநீரகப் புற்றுநோயில் அப்படி ஒன்றின் அளவு ஏறும்போதெல்லாம் எந்தெந்த மரபணுக்களின் செயல்பாடு இறங்குகிறது என்று நான்கு வருடம் கணினியில் ஓட்டிப் பார்த்து, 'இது அடக்குவது இவற்றைத்தான்' என்று முப்பத்தெட்டுப் பெயர்களைக் கணித்திருந்தாள். இப்போது பார்த்தால், அது ஏறியிருந்த ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே நோட்டில் 'ரத்தம் கலந்தது' என்று இருக்கிறது. அந்தத் துணுக்கு ரத்தத்தில் கொட்டிக் கிடப்பது. ரத்தம் கூடினால் சிறுநீரகத் திசு குறையும், அதன் மரபணுக்களின் செயல்பாடும் தானாகவே குறைந்ததாகத் தெரியும். எதுவும் எதையும் அடக்கவில்லை.

"ஏன் சொல்லலை?" என்று கத்தினாள்.

அங்கேயே மாதிரிகளைக் கழுவி, அந்த நோட்டில் குறித்துவைக்கும் சிக்ரிட் நிமிரக்கூட இல்லை. "நாலு வருஷமா நோட்டு இங்கதான் கிடக்கு. கணினி மகாராணி இருபது அடி நடந்து வந்தியா? போன கிறிஸ்துமஸ் விருந்துல என்னைப் பாத்தே 'நீங்க யாரு'ன்னு கேட்டவதானே நீ?"

தூருன் நோட்டோடு நெறியாளர் ஹோக்கனிடம் ஓடினாள். அவருடைய அடுத்த திட்டமே அந்தப் பட்டியலை நம்பித்தான் நின்றது. நோட்டைப் புரட்டிய மனிதரின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் வெளுக்கவில்லை.

"மூடி வை. கேக் வந்தாச்சு, ஆளுங்க வந்தாச்சு. இன்னைக்கு அடிக்கலைன்னா உனக்குப் பட்டமும் இல்ல, இந்த ஊர்ல வேலையும் இல்ல."

"பொய்னு தெரிஞ்சே அடிக்கவா?"

"உனக்கு மட்டும்தான் தெரியும். பிழைக்கத் தெரியாத பொண்ணு!"

மூன்று மணிக்குச் சுவர் முன்னால் நாற்பது பேர். தூருன் சுத்தியலை ஹோக்கனிடம் நீட்டினாள். "பட்டியல் சரின்னு சொல்றது நீங்கதானே? நீங்களே அடிங்க."

அவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு சிரித்தார். "உன் ஆய்வேடு, நீதான் அடிக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா, பேரு உன்னுதுதானே."

அவளுக்கு அவர்மேல் இருந்த கடைசி மரியாதையும் அங்கேயே செத்தது. ஆய்வேட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள். நோட்டைச் சுவரில் வைத்து, சிக்ரிட் எழுதிய 'ரத்தம் கலந்தது' எல்லோருக்கும் தெரியும்படி விரித்து, நடுவே ஆணியை இறக்கினாள். நான்கு வருடமும் ஐந்து சுத்தியலடியில் போயிற்று. அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஒருவரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து சிக்ரிட்டின் குரல் மட்டும் வந்தது.

"அது என் நோட்டு. திங்கட்கிழமை எனக்கு வேணும்."