கண்ணுக்குத் தெரிந்த தோல்வி

சூரியன் எரிகிற மாதிரி அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப் பார்க்கும் ஆய்வுக்கூடம் அது, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே. அதற்கு இனியும் பணம் கொடுப்பதா, இழுத்து மூடுவதா என்று பார்க்க நாடாளுமன்றக் குழு வந்திருந்தது. அங்குள்ள இயந்திரத்துக்குப் பொறுப்பான ஹெஸ்டர் தன் பாதி ஆயுளை அதில்தான் கொட்டியிருந்தாள். இன்றைக்குக் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு.

குழுத்தலைவி திருமதி ப்ரெண்டிஸ் தேநீரோடு, இயந்திரத்தின் உட்புறத்தைக் காட்டும் திரை முன்னால் உட்கார்ந்தார்.

"எங்கப்பா காலத்துலயும் இன்னும் முப்பது வருஷத்துல மின்சாரம் வந்துடும்னாங்க. இப்பவும் அதே முப்பதுதானா, டாக்டர்?"

ஹெஸ்டர் சிரித்து வைத்தாள்.

இயந்திரம் ஓடத் தொடங்கும் மணி ஒலித்தது. சூரியனின் நடுப்பகுதியை விடப் பல மடங்கு சூடான வாயு, காந்தங்களின் பிடியில் அசையாமல் நின்றது. இவ்வளவு அருமையாக அது ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் திரையிலோ ஓரத்தில் மெல்லிய ரோஜா நிறம், நடுவில் கும்மிருட்டு. அத்தனை சூடானால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வராது. இங்கே தேநீர் போடுகிறவருக்குக்கூட அது தெரியும். அதனாலேயே வந்தவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவிகள்.

"பத்திக்கலையா?" என்றார் ப்ரெண்டிஸ்.

"பத்திக்கிச்சு மேடம். எங்களுக்கு அமைஞ்சதுலயே இதுதான் பெஸ்ட்."

"ஒண்ணுமே தெரியலையே."

பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். ஹெஸ்டர் கட்டுப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை, மால்கம். பவரைக் கூட்டிப் போடு."

"பிடி நழுவிடும் ஹெஸ்டர், வேண்டாம்," என்றான் பொறியாளர் மால்கம்.

"போடுன்னா போடு."

நழுவியது. நெருப்பு சுவரில் போய் அறைந்தது. திரை முழுக்க வெள்ளை வெளேரென்றாகித் தரை அதிர்ந்தது. குழு எழுந்து நின்று கைதட்டியது.

"இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா?" ப்ரெண்டிஸின் முகம் மலர்ந்திருந்தது. "வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. அதுக்குள்ள டிவிக்காரங்கள அனுப்பறேன். இதே மாதிரி ஒண்ணு போடுங்க. ஜனங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க."

மால்கம் ஹெஸ்டரின் காதருகே குனிந்தான். "உள்சுவர் ஓடு பேந்துடுச்சு. இன்னொரு அடி விழுந்தா மிஷினே செத்துரும். உண்மையைச் சொல்லிடு."

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். எதிரே அத்தனை முகங்களும் அவளை முதன்முறையாக ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"எத்தனை மணிக்கு வருவாங்க, மேடம்?" என்று கேட்டாள்.