தீர்மானத்துக்குக் கட்டுப்பட்ட கடல்

கரவெட்டியில் கடல், சிவப்பு அடித்த வீட்டுக்குள் மட்டுமே போகும். பக்கத்து முற்றத்தில் காயப்போட்ட மிளகாய்கூட நனையாது.

சிவப்பை முதலில் அடித்தவர் ஆராய்ச்சியாளர் சாருஜா. பல மாரிகள் கடலேரிச் சேற்றில் இறங்கி அளந்து, கடல்மட்டம் உயர உயர வெள்ளம் ஏறும் வீடுகளுக்குச் சிவப்பு அடித்து வரைபடம் கீறினார். கடலேரி அணையை உயர்த்தினால் ஊர் தப்பும் என்றும் எழுதினார். ஊரின் அனர்த்தக் குழுவினர் அந்த வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனமாக வாசித்தார்கள்.

குழுத் தலைவர் கதிரவேலு வாசித்த இடத்திலேயே வியர்த்துப்போனார். மகள் கீர்த்தனாவுக்குச் சீதனமாகக் கட்டிய புதுவீடு, மாபிள் தரையோடு, சரியாகச் சிவப்புக்குள் கிடந்தது. உரும்பிராயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வர இருந்தார்கள்.

“பிள்ளை, உந்தச் சிவப்பைக் கொஞ்சம் அங்கால தள்ளுமன்.”

“ஐயா, அது நிறமில்லை, தண்ணி. அணையை உயர்த்தினாத்தான் குறையும்.”

“அணையைப் பிறகு கதைப்பம். தங்கமுத்துவின்ரை வீடு பூட்டித்தானே கிடக்கு? ஆக்கள் ரொறன்ரோவிலை. ஆருக்குக் குளிரப்போகுது?”

சாருஜா மறுத்துவிட்டார். ஆராய்ச்சியில் முடியாதது தீர்மானத்தில் முடியும். கூட்டத்துக்கு வராதவரைச் செயலாளராக்கிவிடுவது எங்கள் ஊர்ச் சங்கங்களின் பழைய வழக்கம்; அதே வழக்கப்படி வராதவரின் வீட்டுக்குக் கடலைக் கொடுத்தார்கள். கைதட்டலுக்கிடையே செயலாளர் அற்புதராணி சிவப்புப் பேனையால் தீட்டி முத்திரை குத்தினார்.

அந்த மாரியில் கடல் வந்தது. தீர்மானத்தை அதற்கு யார் அறிவித்தார்கள் என்று தெரியாது. சந்தியில் திரும்பி, ஒழுங்கையில் வேலியோரமாக ஒதுங்கி, கதிரவேலுவின் புதுவீட்டைத் திரும்பியும் பாராமல் தங்கமுத்து வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய், மரியாதையாகச் சாத்திக்கொண்டது. ரொறன்ரோவில் தங்கமுத்து கமராவில் பார்த்துவிட்டுக் கதிரவேலுவுக்குத் தொலைபேசி எடுத்து அலறினார்.

“அண்ணை, என்ரை ஹோலுக்கை சுறா ஒண்டு செற்றியிலை படுத்திருக்கு!”

“களவு ஒண்டும் போகேல்லைத்தானே தங்கச்சி? சுறா நிக்கிற வீட்டுக்கை கள்ளன் வரமாட்டான்.”

சம்பந்தம் பொருந்தியது. அதன் பிறகு மாதாமாதம் குழு கூடி, வராதவர் வீடாகப் பார்த்துச் சிவப்பை மாற்றியது. கடலும் சொன்ன வீட்டில் இருந்தது. சமூகத் தாங்குதிறனுக்கு வழிகாட்டி என்று கொழும்பிலிருந்து ஒரு விருது வந்தது. வேறு ஊர்க் குழுக்கள் பஸ் பிடித்து வந்து, மட்டன் ரோல்ஸ் தின்று, குறிப்பெடுத்துக்கொண்டு போயின. சாருஜா கூட்டத்துக்குக் கூட்டம் அணையைப் பற்றி எழும்பிக் கேட்டார். அதைப் ‘பிற விடயங்கள்’ என்பதன் கீழ் கடைசியில் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னரே சோற்றுப் பார்சல் வந்துவிடும். சாப்பிட்ட பிறகு காலநிலை பற்றிக் கதைக்கக்கூடிய மனிதன் வடமராட்சியில் இன்னும் பிறக்கவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த கிழமை சம்பந்தி வீட்டில் விருந்து. கதிரவேலு உரும்பிராயில் இரண்டாந்தரம் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தபோது இங்கே குழு கூடியது. வராவிட்டால் கடல் வரும் என்று ஊர் விவரமறிந்திருந்தது. தங்கமுத்து விமானமேறி வந்து முன்வரிசையில் இருந்தார். மண்டபத்தில் வெறுமையாய்க் கிடந்தது தலைவரின் கதிரை ஒன்றுதான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கதிரவேலு ஊர் திரும்பியபோது மாபிள் தரைக்கு மேல் முழங்கால் அளவு கடல். சாருஜாவிடம் ஓடினார்.

“பிள்ளை, உம்மைக் கும்பிடுறன். அந்த அணையைக் கட்டச் சொல்லும்!”

“அது பிற விடயங்களுக்கை கிடக்கு ஐயா.”

சிவப்பை வேறு வீட்டுக்குத் தள்ளலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு நம்பிக்கையோடு போனார். ஊரே வந்திருந்தது. சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர், செத்தவீட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு குடும்பம், பிறந்து துடக்குக் கழியாத குழந்தை ஒன்று. அன்றிலிருந்து கரவெட்டியில் எவரும் ஒரு கூட்டத்தையும் தவறவிடுவதில்லை. ஆகவே சிவப்பு நகர்வதற்கு இடமில்லை. அணை இருந்த உயரத்திலேயே இருக்கிறது.

மாப்பிள்ளை தனோஜன் காற்சட்டையை மடித்துவிட்டுச் சாப்பிடப் பழகிவிட்டார். கீர்த்தனா சோற்றுப் பானைக்குள் இறங்கும் நண்டைக் கரண்டியால் தட்டி அனுப்புகிறாள். கதிரவேலு மகள் வீட்டுக்குப் போனால் செருப்பை வாசலில் விடுவதில்லை. கையில் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கிறார்.