விழுங்கிய பிறகு

1

இந்தக் கதை ஒரு கரும்பலகையில் தொடங்கியது. ஆசிரியை ஒரு பெரிய உயிரணுவை வரைந்தார். பெயர் பெருவிழுங்கி. உடலுக்குள் வரும் கிருமியை விழுங்கிச் செரிப்பது அதன் வேலை. பக்கத்தில் காசநோய்க் கிருமியைச் சிறு கோடாகப் போட்டு, ஓர் அம்புக்குறி இழுத்து, ‘விழுங்கியது’ என்று எழுதினார். மணி அடித்தது. பலகையைத் துடைத்துவிட்டுப் போனார்.

விழுங்கிய பிறகு என்ன ஆயிற்று? கேட்க வாய் வரவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘காவலன் திருடனைக் கண்டதும்—’

வேண்டாம். எந்தக் காவலனும் திருடனை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்வதில்லை.

இரண்டாவது: ‘1936. கல்குளம் தாலுகாவில் மழை—’

மழை எல்லாக் கதையிலும் பெய்கிறது. வருடம் மட்டும் இருக்கட்டும்.

3

சத்தியபாய் மிஷன் ஆஸ்பத்திரியில் சளி சோதிக்கிறவள். அதே ஆஸ்பத்திரியின் திறந்த வராந்தாவில் காசத்தோடு ஒரு வருடம் படுத்துக் கிடந்து எழுந்தவள். அவள் சளியில் இப்போது கிருமி இல்லை. ஆனாலும் அவள் போகும் கோயிலின் சபைக்குப் பயம்.

திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம். கைக்குக் கை மாறி எல்லோரும் அதில்தான் குடிக்க வேண்டும். சத்தியபாய் பெண்கள் வரிசையின் கடைசியில், தூணுக்கு அப்பால் தனியாக இருப்பாள். அவளிடம் வரும்போது பாத்திரத்தின் அடியில் ஒரு மடக்கு மிஞ்சும். சில சமயம் அதுவும் இருக்காது.

(காசம் பாத்திரத்தால் பரவுவது அபூர்வம், இருமும்போது காற்றில்தான் பரவும். இந்த உண்மை கதையைக் கெடுத்துவிடும் என்று பயந்தேன். கூட வேலை செய்யும் குளோரி அதைப் பட்டென்று போட்டு உடைத்தாள்.)

“ஏட்டி, முன்வரிசையில இருந்து லொக்கு லொக்குன்னு குரைக்கிற கிழவிக்கு மொதல்ல, வாயத் தொறக்காத ஒனக்குக் கடைசியாக்கும்! நல்ல சபைதான், போ.”

“சும்மா கெட. சிரிச்சா சாயம் சிந்தும்,” என்றாள் கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்த சத்தியபாய்.

4

பனையிலிருந்து விழுந்து செத்த ஒருவரின் நுரையீரல் துண்டை டாக்டர் ஒரு நாள் கொடுத்தார். அந்த மனிதர் இருமியதே இல்லையாம். சத்தியபாய் சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தில் கழுவி, நீலம் ஊற்றினாள். நுண்ணோக்கியில் பார்த்தாள். எல்லாம் நீலமாயிருந்தது. குச்சி போன்ற கிருமிகள் ஒன்றிரண்டு மட்டும் சிவப்பை விடவில்லை. அவை நீல அணுக்களின் உள்ளே கிடந்தன. சுற்றிலும் அணுக்கள் தோளோடு தோள் நெருங்கி வளையம் கட்டியிருந்தன.*

தன் நெஞ்சிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

* விழுங்கப்பட்ட கிருமி ஒரு பைக்குள் இருக்கும். செரிக்கும் அமிலப் பை அதோடு சேர வேண்டும், கிருமி சேரவிடாது. வேறு நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து தூண்டினால்தான் விழுங்கிக்குத் தெம்பு வரும். அப்போதும் சில சாகாமல் சிறைப்பட்டுக் கிடக்கும். 1936இல் இவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் அவள் காதில் ஓதிவிடக் கூடாது. அவள் கண்டதே போதும்.

5

திருவிருந்துப் பாத்திரத்தைக் கொண்டுவருகிற டீக்கன் நேசையன் நல்ல மனிதர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) சனிக்கிழமை சாயங்காலம் சத்தியபாயின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளே, நாளைக்குத் திருவிருந்து. ஒங்கம்மைக்கப் பக்கத்துல இருக்க ஆசையில்லியா?”

“உண்டு மாமா.”

“அப்போ ஒரு வார்த்த சொல்லு. நான் சபையில பேசிக்கிடுதேன். ஒனக்க நெஞ்சுல உள்ள கிருமி செத்தாச்சா?”

‘ஆமா மாமா என்று அவள்—’

அந்த வாக்கியத்துக்குள் வர மறுத்துவிட்டாள். தகட்டில் கண்டதை ஒருநாளும் மாற்றிச் சொல்லாதவள்.

“இல்ல மாமா. செலது உசிரோட கெடக்கும். வெளிய வராது. பிடிச்சு வச்சிருக்கு.”

“ஆரு?”

“நான்தான்.”

நேசையன் திரும்பிப் படியிறங்கினார். “செத்துப்போச்சுன்னே சொல்லியிருக்கலாம் மக்கா,” என்றுவிட்டுப் போனார்.

சத்தியபாய் நெஞ்சில் கைவைத்தாள். ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரி போல இருந்தது. (கோட்டை என்று எழுதாமல் முடியவில்லை. உதயகிரிக் கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி. அந்தக் கோட்டையிலும் ஒரு காலத்தில் கைதிகள் இருந்தார்கள்.)

6

முடிவு ஒன்று: சபை அவளிடம் மன்னிப்புக் கேட்கிறது. அடித்துவிட்டேன். எந்தச் சபை ஒரே இரவில்—

முடிவு இரண்டு: பல வருடம் கழித்து வளையம் தளர்ந்து கிருமி வெளியேறுகிறது. நடக்கக்கூடியதுதான். ஆனால் காசக் கதைகளில் போதுமான பெண்கள் செத்துவிட்டார்கள். இவளைக் கொடுக்க மாட்டேன்.

மிஞ்சியது இது. ஞாயிற்றுக்கிழமை சத்தியபாய் தூணைக் கடந்து நடந்து, முன்வரிசையில் அம்மா ராகேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மறுபக்கம் இருந்தவள் தன் ஓலைத் தடுக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நேசையன் பாத்திரத்தோடு வந்தார். நின்றார். பிறகு ராகேலிடம் கொடுத்தார். ராகேல் குடித்துவிட்டு மகளிடம் நீட்டினாள். சத்தியபாய் குடித்தாள். பாத்திரம் நிறைந்திருந்தபோது குடித்து வெகு நாளாகியிருந்தது.

இப்போது அடுத்த கைக்கு நீட்டியபடி இருக்கிறாள்.

அவளுக்கு அடுத்த இடம் காலி. உட்காருங்கள்.