பேர் உள்ள மரம்

எண்ணெயில் மூன்றாவது பணியாரத்தைப் போட்டுவிட்டு சோஹரா கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அம்ராம் தோட்டத்துச் சேற்றுக் காலோடு அப்படியே சமையலறைக்குள் ஓடிவந்தார். வயது அறுபத்தெட்டு. முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டுத்தான் காலையில் அனுப்பியிருந்தாள். அந்த மனுஷன் இப்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார்.

"மறந்துட்டேன் சோஹரா! மறந்தே போயிட்டேன்!"

"என்னத்த மறந்த? வண்டிய எங்கயாவது விட்டுட்டு வந்துட்டியா?"

"மரத்த மறந்துட்டேன்! ஒரு முழு மரத்த!"

விஷயம் இதுதான். கலிலேயா மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அம்ராமின் ஞாபகசக்தி பிரசித்தம். எந்த வருஷம் எந்தத் தேதியில் முதல் மழை பெய்தது, எவர் வீட்டுக் கல்யாணத்தில் மீன் உப்பாக இருந்தது, எல்லாம் விரல் நுனியில். ஜெபக்கூடத்தில் தேதித் தகராறு வந்தால் நாட்காட்டியைத் தேட மாட்டார்கள், அவரைத்தான் தேடுவார்கள். ஆனால் யூதர்களின் வேதமான தோராவில் ஒரு கட்டளை இருக்கிறது. அறுவடையில் ஒரு கதிர்க்கட்டை வயலில் மறந்துவிட்டு வந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. ஒலிவ மரத்துக்கும் அதே சட்டம்தான். வேண்டுமென்று மறந்தால் செல்லாது, நிஜமாகவே மறந்திருக்க வேண்டும். மற்ற கட்டளைகளை ஆசைப்பட்டால் செய்யலாம். இந்த ஒன்றை ஆசைப்பட்டுச் செய்ய முடியாது. நாற்பது வருஷமாக அம்ராம் ஒவ்வொரு அறுவடையிலும் இதை நினைத்து ஏங்குவார். ஏங்கினால் ஞாபகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பாவம், மாட்டிக்கொண்டார்.

"கடைசி மூட்டையையும் ஆலையில போட்டுட்டுத் திரும்பி வர்றேன். ரோட்டுல இருந்து பாக்குறேன், வேலி மூலையில அது நிக்குது, காயெல்லாம் கறுத்துப் போயி! வேலைக்கு வந்த ரெண்டு பேரும் மறந்துட்டாங்க. நானும் மறந்துட்டேன். கடவுள் என்னையும் ஒரு மனுஷனா மதிச்சு இந்தக் கட்டளையக் குடுத்துட்டாரு. சனிக்கிழமை ஜெபக்கூடத்துல எல்லாருக்கும் அரக் சாராயம் ஊத்தப்போறேன். நீ மீன் பண்ணு. காரமா பண்ணு."

ஆலைக்குப் போய் எண்ணெய் வாசனையோடு வந்திருந்த அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சோஹராவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பணியாரத்தைத் திருப்பினாள். திருப்பும்போதுதான் உறைத்தது. வேலி மூலை. வேலி மூலையில் இருப்பது ஒரே ஒரு மரம்.

அந்த மரத்தால்தான் ஆறு வருஷமாக அம்ராம் தன் ஒரே தங்கை யாகூத்தோடு பேசுவதில்லை. அம்ராமின் மகன் கல்யாணத்தில், முந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அது நான் பொறந்தப்ப அப்பா எனக்காக நட்ட மரம்" என்று யாகூத் யாரிடமோ சொன்னாள். "புளுகாத. எனக்கு அப்ப எட்டு வயசு. மரக்கன்ன நேரா புடிச்சுக்கிட்டு நின்னது நான். அப்பா எனக்குத்தான் நட்டாரு" என்று இவர் பாய்ந்தார். "உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே, இனிமே தங்கச்சியே இல்லன்னும் ஞாபகம் வச்சுக்கோ" என்று அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் சரியாக எட்டு வயசு வித்தியாசம் என்பதை அந்த முந்நூறு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. சோஹரா வீட்டுக்கு வந்ததும் அதைச் சொன்னாள். "கணக்கு வேற, ஞாபகம் வேற" என்று சொல்லிவிட்டு அம்ராம் போர்வையை இழுத்துக்கொண்டார்.

நடுவில் யாகூத்தின் புருஷன் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று கூட அம்ராம் தூரத்தில் நின்றுவிட்டு வந்தார். இப்போது யாகூத் வீட்டைக் காலி செய்கிறாள். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, வண்டி வருகிறது. அஷ்தோதில் மகள் வீட்டோடு போய்விடுவாள். அங்கே கடல் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. எதிர்வீதியில் இருக்கும்போதே பேசாதவர்கள் அஷ்தோதுக்குப் போனபிறகா பேசப்போகிறார்கள்? சோஹராவுக்கு யாகூத் நாத்தனார் மட்டுமில்லை, இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரே சிநேகிதி. இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்ராம் தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே மிஷ்னாவை, அந்தப் பழைய சட்ட நூலை, சத்தமாகப் படிப்பார். யாருக்குப் படிக்கிறார் என்று அவர் யோசித்ததில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நாற்பது வருஷம் அதைக் கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள்.

"அம்ராம், கப்பாரா, உக்காரு" என்றாள். செல்லமாகக் கூப்பிட்டால் ஏதோ வருகிறது என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்தார்.

"பேர் உள்ள ஒலிவ மரத்த மறந்தா, அது மறந்ததாக் கணக்கில்ல. நீதான படிச்ச? என்னைக்காவது ஞாபகம் வந்துரும், அதனால அது சொந்தக்காரனோடதுதான்னு."

அம்ராம் எடுத்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த மரத்துக்கு ஏது பேரு?"

"இல்லையா?"

"இல்ல."

"ஊர்ல எந்தக் குழந்தையை வேணா கேட்டுப் பாரு. 'எங்க ஒளிஞ்ச?'ன்னா என்ன சொல்லும்?"

ஊரே அதை யாகூத் மரம் என்றுதான் சொல்லும். அவர் மட்டும் ஆறு வருஷமாக 'மூலையில நிக்கிறது' என்பார்.

"பேர் இருந்தா அது யாரோடதுன்னு பேர்லயே இருக்கு" என்றாள் சோஹரா. "நீ சொல்ற மாதிரி பேர் இல்லைன்னே வச்சுக்குவோம். அப்ப மறந்ததுதான். யாருக்குப் போகணும்? அந்நியன். நம்ம ஊர்ல அந்நியன் கிடையாது. அநாதையும் இல்ல, கடவுள் புண்ணியம். அப்புறம்?"

எண்ணெய் சடசடவென்று பொரிந்தது. அம்ராமுக்குப் புரிந்துவிட்டது. பேர் இருந்தாலும் யாகூத் வீடு, இல்லாவிட்டாலும் விதவை யாகூத் வீடு.

"நீ நம்ம ஜெபக்கூடத்துக்கு ராபியா ஆயிருக்கணும்டி" என்றார்.

"ராபிக்கு யாரு பணியாரம் சுடுவா?"

"சரி. பறிச்சு ஒரு கூடையில போட்டுத் தர்றேன். நீ கொண்டு போயி..."

"அதெப்படி? சொந்தக்காரன் பறிச்சுப் பங்கு வைக்கக் கூடாது. அவங்களே வந்து பறிக்கணும். போன மாசம்தான் படிச்ச. யாராவது போய்ச் சொன்னாத்தான அவ வருவா?"

அவர் புதினா போட்ட டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு எழுந்து முகம் கழுவினார். ஓய்வுநாளுக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். புதன்கிழமையில் வெள்ளைச் சட்டை! சோஹரா அடுப்பை அணைத்து, பணியாரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

யாகூத் வாசலில் அட்டைப்பெட்டி ஒன்றுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். அம்ராம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோஹரா துணி மூட்டையை இறுக்கிப் பிடித்தாள். கடவுளே, இப்போது மழையைப் பற்றி எதையாவது பேசி வைக்கப்போகிறார்.

"யாகூத், உன் மரத்த மறந்துட்டேன்" என்றார்.

"எந்த மரத்த?"

"உன் மரத்த."

யாகூத் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் ஏதோ பாத்திரம் நொறுங்கியது. அவள் கவனிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

"உன் மரம், யாகூத் மரம். நீ பொறந்தன்னைக்கு அப்பா நட்டாரு. நான் மரக்கன்னப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டும் ஒரே நாள்தான். போதுமா? காய் அப்படியே இருக்கு, வந்து பறிச்சுக்கோ."

"ஆறு வருஷம் ஆச்சாடா உனக்கு எட்டு வயசக் கூட்டிப் பாக்க!" என்று கத்தினாள் யாகூத். கத்திவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சோஹராவும் சேர்ந்துகொண்டாள். பணியாரத்தை முதலில் எடுத்தது அம்ராம்தான்.

மத்தியானம் மூன்று பேரும் வேலி மூலையில் இருந்தார்கள். மரத்தடியில் வலையை விரித்து யாகூத் கம்பால் தட்டினாள். கறுத்த காய்கள் பொலபொலவென்று கொட்டின. அவள் தலையில், தோளில், அம்ராமின் வெள்ளைச் சட்டையில் எல்லாம் விழுந்து கறையாயிற்று. உச்சிக்கிளை ஒன்று எட்டவில்லை. அம்ராம் எக்கி அதை வளைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிளை ஆடியது.

"யாகூத்" என்று சோஹரா கேட்டாள், "வெள்ளிக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு?"

யாகூத் கிளையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடாத அண்ணே" என்றாள். "நேரா புடி."

அம்ராம் மூச்சை அடக்கிக்கொண்டு நேராகப் பிடித்தார், எட்டு வயசுப் பையன் மாதிரி.