வெள்ளை வேட்டிக் கூரை

கேசினியின் கடிதத்தை வீரசிங்கம் இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை மனதுக்குள். இரண்டாவது தடவை, பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டு, அவள் காதில் மட்டும் விழும்படி.

"அப்பா, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அம்மா செத்த பிறகு எடுத்த படம் மாதிரி இருக்கிறது. ரெங்கம்மா அக்கா வீட்டில் செய்ததை எனக்கும் செய்துவிடாதீர்கள். மறைக்காமல் சொல்லுங்கள்."

கேசினி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ரெங்கம்மா, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தின் கடைசிக் காம்பராக்காரி. அவள் மகளும் அப்படித்தான் போயிருந்தாள். அவள் போயிருந்தபோது தகப்பன் இறந்துவிட்டான். பாதியில் ஓடி வந்துவிடுவாள் என்று பயந்து ஒன்பது மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த லயத்திலிருந்து போன பெண்கள் எல்லோரும் பெட்டிக்குள் துணிமணியோடு அந்தப் பயத்தையும் மடித்து வைத்துக்கொண்டுதான் போனார்கள்.

ஆனால் கேசினியின் அம்மா சாகவில்லை. குணமணி உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். நெஞ்சு நோய். புரட்டாசியிலிருந்து தலையணை முட்டுக் கொடுக்காமல் உட்கார முடியாது. பனிக்காற்று படக்கூடாது, வெளியே தூக்கவே வேண்டாம் என்று டிஸ்பென்சரி ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டெலிபோன் இருக்கும் கடையோ இரண்டு மைல் கீழே. குவைத் வீட்டிலும் கேசினியைப் பேச விடுவதில்லை.

"என்ன அங்க குசுகுசுன்னு?" என்றாள் குணமணி உள்ளேயிருந்து. "நான் செத்துட்டேன்னு எழுதியிருக்காளா?"

வீரசிங்கம் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நெஞ்சுதான் கெட்டுப் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. பாக்கியம், இங்க வா. நான் உசிரோட இருக்கேன்னு அவ நம்பணும். இல்லேன்னா அந்தப் புள்ள அங்க ஒரு வாய் சோறு திங்காது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

பாக்கியலெட்சுமிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்தப் படத்தை எடுத்தவள் அவள்தான்.

அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கெமராவைத் தினமும் துணிப்பையில் போட்டுக்கொண்டே போவாள். கல்யாணம், திருவிழா என்று காத்திருக்க மாட்டாள். குழந்தைக்கு முதல் பல் தெரிந்தால் ஒரு படம். மழையில் நனைந்து வந்து கொழுந்து நிறுக்கும் பெண்களை ஒரு படம். கெமராவின் தலையில் செருக ஒரு பிளாஷ் வைத்திருந்தாள். சவர்க்காரக் கட்டி அளவுதான். நேரே மட்டும் அடிக்கும். லயத்து இருட்டில் அது குணமணியின் முகத்தில் அறைந்தாற்போல் அடித்து, முகத்தை மாவு பூசினது போல வெளுக்க வைத்து, பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழலையும் நிறுத்திவிட்டது. படம் கழுவி வந்தபோதே அது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு படம் இல்லையே என்று அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனாள். கடைவீதியில் ஹுமைத் நானாவின் சின்னக் கடை. பிலிம், ஆல்பம், மணிக்கூட்டுப் பெட்டரி எல்லாம் அங்கே கிடைக்கும். நடந்ததைச் சொன்னாள்.

ஹுமைத் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். முதலில் எடுத்தது கைப்பிடி வைத்த பெரிய பிளாஷ்.

"நானா, இது மண்வெட்டி மாதிரியில்ல இருக்கு. இதத் தூக்கிட்டு மலையேறினா என்னையும் மண்ணு வெட்டுற கொந்தரப்பு வேலைக்குன்னு பேர் பதிஞ்சிருவாங்க."

அவர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது. நாலு பென்டோர்ச் பெட்டரி போதும். அதன் தலையை விரலால் தள்ளினார். டக்கென்று மேலே பார்த்தது.

"இதான் தங்கச்சி விசயம். மூஞ்சிக்கு நேரா அடிச்சா எவ்வளவு நல்ல பிளாஷும் ஆளக் கொன்னுடும். மேல பாத்து அடிங்க. வெளிச்சம் சீலிங்ல பட்டு, மழ தூறுற மாதிரி மெதுவா எறங்கும். நிழல் விழாது. இங்க பாருங்க."

ஒரு தடவை அடித்துக் காட்டினார். கடையின் வெள்ளைக் கூரை பூவாக மலர்ந்து, அவர் முகத்தில் பால்போல ஒளி இறங்கியது. பாக்கியலெட்சுமிக்கு இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. வாங்கிக்கொண்டாள்.

அன்று பின்னேரமே குணமணியை ஒரு ரோல் முழுக்க எடுத்தாள். அடுத்த ஞாயிறு கழுவி வாங்கிப் பார்த்தால் முப்பத்தாறும் இருட்டு. குணமணியின் மூக்குத்தி மட்டும் ஓரிடத்தில் மினுங்கியது.

ஹுமைத் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிளாஷை அடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கடைசியில் கேட்டார்:

"உங்கட வீட்டுக் கூர என்ன கலர்?"

"கூரையா? தகரம் நானா. கரி கலர். அறுபது எழுபது வருசத்துப் பொகை."

அவர் பிளாஷைக் கீழே வைத்தார். "இருவத்தாறு வருசமா தோட்டத்து ஆக்களுக்கு பிலிம் விக்கிறன்," என்றார் பிறகு. "ஒரு நாளாவது ஒரு லயத்துக்குள்ள போனதில்ல. மன்னிச்சிக்கங்க தங்கச்சி. கரி வெளிச்சத்தத் திங்கும். கூரைக்குக் கீழ ஒரு வெள்ளத் துணி கட்டுங்க. எல்லாம் சரியாப் போகும்."

பாக்கியலெட்சுமி பிளாஷை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு கேட்டாள், "மஞ்சச் சீலை கட்டினா?"

"மூஞ்சி மஞ்சக்காமால மாதிரி வரும். வெள்ளதான் வேணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? லயத்தில் ஒருவர் கண்ணை மூடினால், துணி வெளுக்கும் டோபி வந்து, கிடத்தியிருக்கும் இடத்துக்கு மேலே வெள்ளை கட்டுவார். அது கட்டிய பிறகுதான் அது சாவு வீடு. வெள்ளை கட்டியாச்சா என்று ஒருவர் கேட்டால், உயிர் போய்விட்டதா என்றுதான் அர்த்தம்.

பஸ் நமுனுகுல மலையைச் சுற்றி ஏறும்போது அவள் பிளாஷை மடியில் வைத்து அதன் தலையை மேலே தள்ளினாள், கீழே இறக்கினாள். பழைய பிளாஷை அடித்தால் பிணம். இதை அடித்தால் இருட்டு. வெள்ளை கட்டினால் உயிருள்ள முகம் வரும், ஆனால் உயிருள்ளவளுக்கு யார் வெள்ளை கட்டுவார்கள்?

சொன்னபோது வீரசிங்கம் எழுந்தே விட்டார். "உசிரோட இருக்கறவளுக்கு வெள்ளை கட்டச் சொல்றியா? உனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா?"

சத்தம் கேட்டு வந்த ரெங்கம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அபசகுனம்டி பாக்கியம். எமனுக்கு நாமளே வழி காட்டற மாதிரி."

"அவனுக்கு வழி தெரியாமலா இத்தன மாசமா வாசல்ல நிக்கிறான்?" குணமணியின் குரல் மெலிந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "கட்டுங்க. எப்பிடியும் எனக்குக் கட்டத்தானே போறீங்க? அன்னைக்கு நான் பாக்கவா போறேன்? இன்னைக்குக் கட்டினா எம் புள்ளைக்காவது உதவும்."

"டோபிகிட்ட என்னன்னு போய்க் கேக்குறது குணம்?" என்றார் வீரசிங்கம். 

"டோபி எதுக்கு? உங்க கல்யாண வேட்டி டிரங்குப் பெட்டியில சும்மாதானே கெடக்கு. கேசினி கல்யாணத்துக்குக் கட்டணும்னு பொத்திப் பொத்தி வச்சீங்களே. எடுங்க."

அவர் எடுத்தார். மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. உதறியதும் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. நாலு முனைக்கும் கயிறு போட்டு, முக்காலியில் ஏறி, தகரத்துக்குக் கீழே குறுக்குக் கட்டையில் இழுத்துக் கட்டினார். முக்காலி ஒரு பக்கம் ஆடியது.

"பாத்து," என்றாள் குணமணி. "நீங்க விழுந்தா நமக்கு ரெண்டு வேட்டி வேணும்."

ரெங்கம்மாகூடச் சிரித்துவிட்டாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பாக்கியலெட்சுமி பிளாஷின் தலையை மேலே தள்ளினாள். வேட்டி படத்துக்குள் விழாதபடி குனிந்து பார்த்தாள். "மதினி, கையில எதாச்சும் வச்சுக்கங்க. கேசினியோட கடிதாசிய வச்சுக்கங்க. இப்ப எடுத்த படம்னு தெரியும்."

குணமணி கடிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். முதல் ஒளி அடித்தது. வேட்டி முழுக்க வெளிச்சமாகி, கட்டில், சுவர், பானை, எல்லாம் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. குணமணி மேலே பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"நம்ம காம்பரா இவ்வளவு பெருசாடி?"

அப்போது இரண்டாவது படத்தை எடுத்தாள்.

முதல் படத்தை அனுப்பினார்கள். பதில் வர ஒரு மாதம் போல ஆயிற்று. வேட்டியை அவிழ்க்கக் குணமணி விடவில்லை, அது இருந்தால் பகலில் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது என்றாள். கேசினியின் கடிதத்தை வீரசிங்கம் அந்த வெளிச்சத்தில் நின்று சத்தமாகவே வாசித்தார்.

"அப்பா, அம்மாவேதான். நீங்கள் கவனிக்கவில்லையா? என் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். நான் எழுதிப் படித்த காலத்திலிருந்து அம்மா காகிதத்தை அப்படித்தான் பிடிப்பார்கள். அம்மா கையில் வேறு யாராவது அதை வைத்துவிட்டிருந்தால் நேராக வைத்திருப்பார்கள். இப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டேன்."

எழுத்து தெரியாத குணமணி அந்தக் கடிதத்தையும் வாங்கித் தலைகீழாகவே பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி பதினொன்றாம் நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு கலையும் நேரத்தில், அவள் மூச்சு நின்றது.

டோபி வந்தார். ஏற்கெனவே வேட்டி கட்டியிருப்பதைப் பார்த்துத் தயங்கி, ஒன்றும் கேட்காமல், அதற்குக் கீழே தன் வெள்ளையைக் கட்டினார். வீரசிங்கம் பாக்கியலெட்சுமியை வாசல் இஸ்தோப்புக்குக் கூப்பிட்டார்.

"பாக்கியம், அந்த ரெண்டாவது படம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"மாசியில அத அனுப்புவோம். இன்னும் ஒரு வருசந்தானே அவளுக்கு."

பாக்கியலெட்சுமிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பிள்ளையைப் பெற்றவர் அப்படித்தான் நினைப்பார். அந்தப் படத்திலும் கடிதம் தலைகீழாகத்தான் இருந்தது. குணமணி மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அனுப்பினால் கேசினி சந்தேகமே படமாட்டாள்.

"அதாண்ணே முடியாது," என்றாள். "மொதப் படத்த அவ நம்பிட்டா. நம்பாம இருந்தா அனுப்பியிருப்பேன். நம்பினவள ஏமாத்த மாட்டேன்."

வீரசிங்கம் தகரத்தில் சொட்டும் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். அவளும் பையிலிருந்து கெமராவை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பிளாஷின் தலையை மேலே தள்ளினாள். இந்தத் தடவை வெள்ளை படத்துக்குள் விழட்டும், கேசினி பார்க்கட்டும் என்று இரண்டடி பின்னே நகர்ந்தாள்.

"கொஞ்சம் பொறு," என்றார் வீரசிங்கம்.

கேசினியின் கடைசிக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் குணமணியின் கைகளுக்கு இடையில் வைத்தார். ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு அதை மெதுவாக எடுத்துத் திருப்பி, அவள் பிடிக்கும் மாதிரியே தலைகீழாக வைத்தார்.

"எடு," என்றார்.